மவுத் ஆர்கனில் கமகம் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை இசை வகுப்புகள் பற்றிய உங்கள் கட்டுரை பெற்றோருக்கு உபயோகமானது. ஆனால் மவுத் ஆர்கனில் மெட்டு வாசிக்கலாம், கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் அழகுபடுத்துவது) வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை. பக்கவாட்டில் பட்டன் வைத்த குரோமாட்டிக் வகைக்கு இது பொருந்தாது.

பட்டனை அழுத்தினால் எந்தத் துளையிலும் சுருதி அரை ஸ்வரம் ஏறும். நான் பார்த்த வகுப்புகளில் இதை ஏதோ பியானோவின் கறுப்புக் கட்டை மாதிரி மட்டுமே சொல்லித்தருகிறார்கள். சி சுருதிக் கருவியை, அதாவது ஒரு கட்டை சுருதியில் உள்ளதை, எடுத்து, கர்நாடக சங்கீதத்தில் முதலில் கற்றுத்தரும் மாயாமாளவகௌளை ராகத்தை வாசித்துப் பாருங்கள். முதல் துளையில் ஊதினால் ச. ஊதியபடியே பட்டனை அழுத்தினால் ரி. அடுத்த துளையில் அதேபோல் க, ம. மூன்றாவதில் ப, த. நான்காவதில் மூச்சை உள்ளே இழுத்தால் நி, பட்டனோடு மேல் ச. நாலே துளைகளில் ராகம் முழுவதும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறது!

இதன் அருமை, ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் ஜண்டை வரிசைப் பயிற்சியில்தான் தெரியும். 'ரிரி' என்னும்போது இரண்டாவது ரி, கீழே ச-வைத் தொட்டு எழ வேண்டும். அதுதான் ஸ்புரிதம் என்ற கமகம். பட்டனைச் சட்டென்று விட்டு அழுத்தினால் மூச்சு அறுபடாமல் அது வந்துவிடும். 'மம', 'தத' இரண்டும் அப்படியே. ஆனால் விரல் சுத்தமாக இருக்க வேண்டும். பட்டன் பாதியில் நின்றால் இரண்டு ஸ்வரமும் கலந்து ஒலிக்கும். 'கக', 'பப', 'நிநி' இப்படி அமையாது. துளை மாறித்தான் கீழ் ஸ்வரத்தைத் தொட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

ஆர்மோனியமும் இதைப் போலவே ரீட் (காற்றில் அதிரும் உலோகத் தகடு) கருவிதானே, அதில் கமகம் வராதே என்று சிலர் கேட்பார்கள். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்திருந்ததற்கு, கமகம் வராது என்பதும் ஒரு காரணம். சரி, ஆனால் அங்கே ரீடுக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் துருத்தியும் கட்டையும் இருக்கின்றன. இங்கே ரீட் நம் மூச்சிலேயே இருக்கிறது. நாக்கைப் பின்னுக்கு இழுத்து வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்கினால் சுருதி மெல்ல வழுக்கி இறங்கும். சின்ன ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் கமகம், கிடைத்துவிடும். இறக்கம் மட்டும்தான். வீணையில் தந்தியை இழுத்து ஏற்றுகிற மாதிரி இதில் ஏற்ற முடியாது. தோடி ராகத்தின் அசைந்தாடும் காந்தாரத்தை (க) முழுசாகக் கொண்டுவருவது கஷ்டம்தான். அதற்காக மற்றதையும் சேர்த்து இல்லை என்று சொல்லலாமா?

அப்புறம் ஒரு விஷயம். ஏசி அறையில் வகுப்பு நடத்துபவர்கள், வாசிக்கும் முன் கருவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் படிந்து உள்ளே இருக்கும் வால்வு ஒட்டிக்கொள்ளும், ஸ்வரம் தாமதமாக எழும்.

உங்கள் இசைப் பக்கத்தில் ஜண்டை வரிசையை, எந்த எழுத்துக்குப் பட்டன் என்று அடிக்கோடிட்டு ஒரு முறை வெளியிட வேண்டுகிறேன். சென்னையில் மவுத் ஆர்கன் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இந்தக் கோடையில் சினிமாப் பாட்டுக்கு முன்னால் அதைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை