முசிறித் திட்டத்தாருக்கு: கட்டடங்கள் எழுந்தன, கல்லறைகள் என்ன ஆயின?

கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தை நடத்துவோருக்கும் கேரளத் தொல்லியல் துறையினருக்கும்,

வணக்கம்.

சேந்தமங்கலத்திலும் வடக்கு பறவூரிலும் பாழடைந்து கிடந்த யூத ஜெபாலயங்களைத் தூக்கி நிறுத்தி, யாரும் வந்து பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்க வந்தது கல்லறைகளைப் பற்றி.

நான் யூதன் அல்லன். கோவையிலிருந்து ரயிலேறி வரும் சாதாரணப் பார்வையாளன். ஆனாலும் இது எங்களுக்கு முற்றிலும் அயலான சங்கதி இல்லை. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி யூதர் தலைவன் ஈசுப்பு இரப்பானுக்கு 72 உரிமைகளைக் கொடுத்த செப்பேடு கொச்சி பரதேசி (அயல்நாட்டார்) ஜெபாலயத்தில் இருக்கிறது. வட்டெழுத்தில் வெட்டியது. எழுத்துக்கூட்டி யாராவது படித்துச் சொன்னால் தமிழ் தெரிந்தவருக்கும் கொஞ்சம் புரியும். உலகும் நிலவும் உள்ளவரை இந்த உரிமை செல்லும் என்று மன்னன் சொல்லியிருக்கிறான். உலகும் இருக்கிறது, நிலவும் இருக்கிறது. உரிமை பெற்றவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். யாரும் விரட்டவில்லை, அவர்களாகவே போனார்கள். யூதர் வரலாற்றில் இப்படிச் சொல்ல முடிகிற ஊர்கள் அதிகமில்லை என்பதில் கேரளம் பெருமைப்படலாம்.

பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர்களுடைய நெறிநூல் ஒன்றுக்கு வருகிறேன். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், மனந்திரும்புதலுக்கான விதிகளைத் தொகுத்தபோது ஒரு சிக்கலான கேள்விக்கு விடை எழுதினார். ஒருவனுக்குத் தீங்கு செய்துவிட்டாய். மன்னிப்புக் கேட்பதற்குள் அவன் இறந்துவிட்டான். என்ன செய்வாய்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவனுடைய கல்லறைக்குப் போ. அவர்கள் காதில் விழும்படி, ‘கடவுளுக்கும் இந்த மனிதனுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன், செய்தது இன்னது’ என்று சொல். பணம் பாக்கியிருந்தால் வாரிசிடம் கொடு. வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் கட்டிவிடு.

எனக்கு இந்த விதியில் பிடித்தது அதன் கறார்த்தனம். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்தாலும் கடவுளிடம் செய்த குற்றம்தான் தீரும், மனிதனுக்குச் செய்ததை அவனிடமே போய்த்தான் தீர்க்க வேண்டும் என்று பழைய யூத நெறித்தொகுப்பான மிஷ்னா முன்பே சொல்லிவிட்டது. மைமோனிடிஸ் அதைச் இடுகாட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார். செத்தவனோடும் கணக்குத் தீர்க்கலாம். ஆனால் அதற்கு அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கொச்சி யூதர்கள் தமக்குள்ளேயே வைத்திருந்த பாக்கிக்கு வருவோம். 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்துக்கு வருகிறவர்கள் சீன ஓடுகளைப் பார்க்கிறார்கள், கண்ணாடி விளக்குகளைப் பார்க்கிறார்கள், வெளியே வந்து மணிக்கூண்டைப் படமெடுக்கிறார்கள். அதே கூரையின் கீழ், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியாமல் இருந்தார்கள். பெண் கொடுப்பது, எடுப்பது கிடையாது. சில ஜெபங்களை ஓதும் உரிமை கிடையாது. ‘எகிப்தில் நீங்கள் அந்நியராய் இருந்தீர்கள், அந்நியனின் மனம் உங்களுக்குத் தெரியும், அவனை ஒடுக்காதே’ என்னும் விவிலியத்தின் யாத்திராகம வசனத்தை ஆண்டுதோறும் வாசித்த அதே இடத்தில்தான் இதுவும் நடந்தது. சாதியை யாரிடமிருந்து கற்றார்கள் என்பது நமக்குத் தெரியாத ரகசியமா என்ன!

அந்தப் பிரிவில் பிறந்தவர் வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்த மனிதர், கொச்சி சட்டசபையில் இருந்தவர். காந்தியிடம் கற்ற சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஜெபாலயத்துக்குள் நடத்தினார். ‘யூத காந்தி’ என்று ஊரார் அழைத்தது அதனால்தான். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் எல்லாம் தளர்ந்து முடிவதற்குள் சமூகமே கரையத் தொடங்கிவிட்டது. சமமாக உட்கார இடம் கிடைத்தபோது பக்கத்தில் உட்கார ஆளில்லை.

கல்லறைக்கு முன்னால் நின்று சொல்லவேண்டிய சொல் இங்கே ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் இல்லை, நானும் இல்லை. கொச்சி யூதர்களுடைய பேரப்பிள்ளைகள் எப்போதாவது வரக்கூடும். நெகேவ் பாலைவனத்து நெவாதிமிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பாட்டி பிறந்த தெருவைத் தேடி வரத்தான் செய்கிறார்கள். வந்தால் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு.

திருச்சூர் மாவட்டத்து மாளாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த யூதர்கள் 1955இல் ஊரைவிட்டுப் போனபோது ஜெபாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊராட்சியை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். யூதரின் வழக்கப்படி புதைத்த உடலைத் தோண்டக் கூடாது, கல்லறை நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்கவும் கூடாது. இன்று அங்கே கண்ணில் படும் கல்லறைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நிலத்தில் ஒரு பகுதி விளையாட்டுத் திடலுக்குப் போனது குறித்து உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். பிள்ளைகள் விளையாடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எலும்புகள் எதுவரை இருக்கின்றன என்று அளந்து எல்லை போட்டிருக்கலாம்.

சேந்தமங்கலத்தில் ஜெபாலயத்தின் முன்னால் நிற்கிறதே, 1269ஆம் ஆண்டின் சாராவின் கல்லறைக் கல், அது 750 ஆண்டு தாண்டிவிட்டது. ஒரு பெண்ணின் பெயர், தந்தை பெயர், இறந்த நாள். ஹீப்ரூ நாட்காட்டி நிலவை வைத்து மாதம் கணக்கிடுவதால் நம் வீடுகளில் திதி பார்ப்பதைப் போல அவர்களும் ஆண்டு நினைவு நாளைக் கணக்கிடுவார்கள். அந்த நாளில் சொல்லும் கத்தீஷ் ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்கக் கடவுளைப் போற்றுவதுதான். அதற்கும் மரபுப்படி வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கொச்சியில் வெகுகாலமாகவே அந்தப் பத்துப் பேருக்குத் திண்டாட்டம்.

ஆனால் மட்டாஞ்சேரியில் பத்துப் பேர் இல்லாமலே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வீடுகளுக்கு நடுவே இருக்கிறது நெஹேமியா மோட்டாவின் கல்லறை. 1615இல், ஹீப்ரூ கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், ஹனுக்கா விளக்குத் திருவிழா தொடங்கும் நாளில் மறைந்த ஞானி. சுற்றியிருந்த பழைய கல்லறைகள் போய்விட்டன, இது நிற்கிறது. காரணம், அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். எந்தத் துறையும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. ஹீப்ரூ ஓர் எழுத்து தெரியாது. அவர் எழுதிய பக்திப் பாடல்களும் தெரியாது. அவர் பெரியவர் என்பது மட்டும் தெரியும். இதில் மூடநம்பிக்கை கொஞ்சம் கலந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். அரசாணை செய்யாததை அது செய்திருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். மாளாவில் நில அளவையரை வைத்துப் பழைய எல்லையை உறுதிசெய்து கல் நடுங்கள். எஞ்சியிருக்கும் கல்வெட்டுகளை எல்லாம் படியெடுத்து, பெயர்களையும் ஹீப்ரூ நாட்களையும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும், இடமிருந்தால் தமிழிலும் பலகையில் எழுதி வையுங்கள். வழிகாட்டிகளுக்குச் சீன ஓட்டின் கதையோடு சேலத்தின் கதையையும் சொல்லிக்கொடுங்கள். பரதேசி ஜெபாலயம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அதைப் பராமரிப்பவர்களிடம் நீங்கள் பேசினால் கேட்பார்கள். விடுவிக்கப்பட்டோரின் வழியினர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இஸ்ரேலில் இன்னும் சிலராவது இருப்பார்கள். ஒருவரை அனுப்பி அவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் செய்யுங்கள். அரங்குக்கு இன்னொரு விளக்குத் தொகுதி வாங்குவதற்கு முன் இந்தச் செலவைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பார்வையாளன்