இருபது பேர் பிடித்த கொடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரிப் பிரச்சினை கிளம்பும்போதெல்லாம் ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் ஒரு கூட்டம் கொடியோடு வந்து நிற்பதும், அதைக் காட்டி இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் வரிந்துகட்டுவதும் ஓசூர்க்காரர்களான எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நம் பேருந்துகள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்றும் அப்படித்தான். இடுப்பில் குழந்தை, தலையில் பை என்று எல்லை வரைக்கும் நடக்கிற பெண்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தர்மபுரிப் பக்கத்து ஆட்களும் இருப்பார்கள், வீட்டில் கன்னடம் பேசுகிற ஓசூர்க்காரர்களும் இருப்பார்கள். யாருக்காகப் போராட்டம் என்று சொல்கிறார்களோ அவர்களும் சேர்ந்துதான் வெயிலில் நடக்கிறார்கள்.

ஆனால் மறுநாள் பத்திரிகையில் அந்தப் பெண்கள் வருவதில்லை, கொடிதான் வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று தேடினாலும் இருக்காது. இருபது பேர் நின்றாலும் சரி, இரண்டாயிரம் பேர் நின்றாலும் சரி, "கன்னடர்கள் போராட்டம்" என்று ஒரே தலைப்பு. அங்கே வரும் பத்திரிகைகளும் நம் ஊர் அமைப்புகளை "தமிழர்கள்" என்றுதான் எழுதும். அந்த இருபது பேருக்கு வேண்டியது இதுதானே!

2016 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். முகநூலில் ஏதோ எழுதினான் என்று பெங்களூரில் ஒரு தமிழ் மாணவனைச் சில பேர் அடித்து அதைப் படமும் எடுத்தார்கள். அந்த வீடியோ இங்கே பரவியது. சென்னையில் கர்நாடகக்காரர் ஓட்டலில் பெட்ரோல் குண்டு விழுந்தது, ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிகளை உடைத்தார்கள். அந்த வீடியோ அங்கே போனது. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் டிப்போவில் நின்ற தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. ஆரம்பித்தது ஒரு சில பேர், ஆனால் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது வீட்டில் உட்கார்ந்து போனில் ஃபார்வர்டு பண்ணிய நம்மைப் போன்றவர்கள்.

பாகலூர் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர் தெலுங்கு, எதிரே தையல்காரர் வீட்டில் உருது, வாடிக்கையாளர் பாதி வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. எங்கள் ஊர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்கு கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சனங்கள் வருகிறார்கள். இதெல்லாம் செய்தியாகாது, சரி. ஆனால் பெங்களூர் அல்சூரில் 18 வருடம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டதே, அது செய்திதானே. அன்றைக்கும் எதிர்ப்புக் கூட்டம் இருந்தது, அதையும் மீறித்தான் இரண்டு அரசும் செய்தன.

இந்த அமைப்புகளை எல்லாம் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை போட்டால் வேறு பெயரில் வருவார்கள். கத்தட்டும், துண்டறிக்கை கொடுக்கட்டும், நமக்குப் பிடிக்காததைப் பேசவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கல்லைத் தூக்கினால், நம்பர் பிளேட்டைப் பார்த்து டிரைவரை இறக்கி அடித்தால், இனத்தையோ மொழியையோ சொல்லிப் பகையைத் தூண்டினால் விடக்கூடாது. அப்படிப் பகையைத் தூண்டுவதற்கு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-ஆவது பிரிவு இருக்கிறது. வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் போலீஸே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கை நம் பக்கத்து ஆட்கள் மீதும் போட வேண்டும். நம்மவன் அடித்தால் உணர்ச்சி, அவன் அடித்தால் வெறி என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் உங்களிடம் ஒன்று. அடுத்த முறை எல்லையில் கொடி ஏறும்போது, எந்த அமைப்பு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் நிருபரை அப்படியே ஜூஜூவாடிக்கும் அனுப்பி, நடந்து போகிறவர்களிடமும் நாலு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.