மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் சமூக சுகாதார மையங்களுக்கு வித்திட்டு, 2020 டிசம்பரில் 95ஆம் வயதில் மறைந்த மருத்துவர் ஜாக் கைகரை மனித உரிமைப் போராளியாகப் பலரும் அறிவர்; எனக்கு வியப்பூட்டுவது அவருடைய நிர்வாகத் துணிச்சலே. மாணவராகத் தென்னாப்பிரிக்காவின் சமூக சுகாதார மையங்களில் கண்டறிந்ததை மனத்தில் கொண்டு, சக மருத்துவர் கவுன்ட் கிப்சனுடன் சேர்ந்து 1965இல் பாஸ்டனிலும், பின்னர் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பையூவிலும் மையங்களைத் தொடங்கினார்.

மிசிசிப்பியில் ஊட்டமின்றி வாடிய குழந்தைகளுக்குப் பாலும் காய்கறியும் இறைச்சியும் மருந்துச் சீட்டிலேயே எழுதப்பட்டன; மளிகைக் கடைகள் அவற்றைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மையத்தின் மருந்தகத்துக்கு அனுப்பின. மருந்துக்கான பணம் உணவுக்குச் செல்லலாமா என்று அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டமின்மைக்கு உணவே சிகிச்சை என்றுதான் பாடநூல் சொல்கிறது என்று அவர் பதிலளித்தாராம் (கோப்புகளோடு மல்லாடும் எந்த நிர்வாகியும் இதை ரசிப்பார்). கிணறு தோண்டுவதும் கழிப்பிடம் கட்டுவதும்கூட அம்மையத்தின் வேலைகளாயின.

கூட்டரசின் நிதி பெறும் இத்தகைய மையங்களின் ஆட்சிக்குழுவில் பொதுவாகப் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது இன்று அந்நாட்டுச் சட்டம். நோயாளியை நிர்வாகியின் பக்கத்து நாற்காலியில் அமர்த்தும் இந்த விதியை, அவர் எழுப்பிய கட்டடங்களைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்