பிடிக்காதுன்னா எல்லாத்துக்கும் ‘ஹேட்’தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தையில இருந்து எழுதுறேன், பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தி எவ்வளவோ வருஷம் ஆச்சு ஆனா எஸ்டேட்டுக்காரங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. வீட்டு அஞ்சடியில, அதான் வாசல் நடையில, மேசை போட்டு பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் சொல்லிக்குடுக்கறேன்.

போன மாசம் எங்கக்கா மவன் ஷா ஆலாம்ல ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போனான். பழைய வேலைய ஏன் விட்டேன்னு கேட்டிருக்காங்க, இவன் டக்குன்னு ‘ஐ ஹேட் மை சூப்பர்வைசர்’னு சொல்லிட்டான். அவன் மனசுல இருந்தது அவருக்கும் எனக்கும் ஒத்து வரல, அவ்வளவுதான். கேட்டவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களாம், அதோட பேச்சு சுருங்கிப்போச்சுன்னு வந்து சொன்னான். வேலை கிடைக்கல. அந்த ஒரு வார்த்தையாலதான் போச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா ‘வி டிட்ண்ட் கெட் அலாங்’னு சொல்லியிருந்தா அந்த பையன தப்பா நெனச்சிருக்க மாட்டாங்களேன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

பையன என்ன சொல்றது, நாம சொல்லிக்குடுத்தது அப்படி. பிடிக்கும்னா லைக், பிடிக்காதுன்னா ஹேட், அதோட முடிஞ்சது பாடம். ஆனா இதே பிள்ளைங்க மலாய் பேசும்போது பாருங்க, பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், ஹரி ராயா பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புல சம்பல் பெலாச்சான் எடுத்து வச்சா ‘தா சுக்கா’ (பிடிக்கல)ன்னு மெதுவா சொல்லுமே தவிர ‘பென்சி’ (வெறுக்கறேன்)ன்னு ஒரு நாளும் சொல்லாது, ஏன்னா பென்சின்னா எவ்வளவு கனம்னு அதுங்களுக்கு தெரியும். அந்த பென்சிக்கு சமமான வார்த்தைதான் ஹேட். அத சாப்பாட்டுக்கும் சொல்றாங்க, வெயிலுக்கும் சொல்றாங்க, கூட்டாளிங்களுக்குள்ள பேசிக்கிட்டா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா ஒரு ஆளப்பத்தி, அதுவும் தெரியாதவங்க முன்னாடி சொன்னா பகைன்னுதான் காதுல விழும்.

நம்ம தமிழ்லயே இதுக்கு எத்தன படி இருக்கு. எங்க பாட்டி பால் மரம் வெட்டுனவங்க. கத்திரிக்கா எனக்கு ஒத்துக்காதும்பாங்க, அட்டைய பாத்தா உடம்பெல்லாம் கூசுதும்பாங்க, கங்காணி பேர எடுத்தாலே அவன் மூஞ்சிலயே முழிக்கக்கூடாதும்பாங்க, ரொம்ப மனசு நொந்துட்டா மண்ண வாரி தூத்துவாங்க. ரப்பர் போயி செம்பனை வந்தும் இந்த பேச்சு எங்க வீட்ட விட்டு போகல. இங்கிலீஷ் வார்த்தைங்களோட வேர பாத்தா அப்படியே பாட்டி பேச்சு மாதிரிதான் இருக்கு. அப்ஹார்ங்கறது லத்தீன்ல மயிர்க்கூச்செறிஞ்சு பின்வாங்கறதுல இருந்து வந்தது, பாட்டிக்கு அட்டைய பாத்தா வர்ற அதே கூச்சம். டிஸ்கஸ்ட்ங்கறதுல நாக்கு ருசி இருக்கு, நமக்கு குமட்டுதுன்னு வர்றதுதான். டிஸ்பைஸ்னா மேல நின்னு கீழ பாக்கறது, இளக்காரம்னு சொல்றோமே அது. டெடஸ்ட்டுக்கு மூலம் சாமிய சாட்சிக்கு கூப்பிட்டு சாபம் விடுறது, இதுக்கும் மண்ண வாரி தூத்துறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இத சொல்லிக்குடுத்த அன்னிக்கு என் டியூஷன்ல எப்பவும் தூங்கி வழியற ஒரு பையன் நிமிர்ந்து உக்காந்தான், அந்த வார்த்தைய அவன் இன்னிக்கும் மறக்கல.

ஆனா இதெல்லாம் கனமான வார்த்தைங்க, தினப்படி பேச்சுக்கு இவ்வளவு தேவையில்ல. ‘ஐம் நாட் கீன் ஆன் இட்’, ‘ஐம் நாட் வெரி ஃபாண்ட் ஆஃப் இட்’னு சொன்னாலே போதும், பிடிக்கலன்னு புரிஞ்சிடும், யார் மனசும் நோகாது. தாங்க முடியலன்னா ‘கான்ட் ஸ்டாண்ட்’. இங்க இலக்கணத்துலயும் ஒரு இடம் வழுக்கும். ஹேட்டுக்கு பின்னால ‘டு’வும் வரும் ‘இங்’கும் வரும், ஆனா டிஸ்லைக், டெடஸ்ட் ரெண்டுக்கும் ‘இங்’தான், கான்ட் ஸ்டாண்டுக்கும் பெரும்பாலும் ‘இங்’தான், ‘ஐ டிஸ்லைக் டு வெயிட்’னு எழுதுனா தப்பு, ‘ஐ டிஸ்லைக் வெயிட்டிங்’தான் சரி. அஞ்சாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சைக்கான கட்டுரைய திருத்தும்போது இத நான் எத்தன தடவ சிவப்பு பேனாவால வட்டம் போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. அப்புறம் லோத்துன்னு ரெண்டு இருக்கு, கடைசியில ஈ எழுத்து இருந்தா அறவே வெறுக்கறது, அது இல்லன்னா ஒண்ணு செய்ய மனசு வராம தயங்கறது. ‘ஐ ஹேட் டு டிஸ்டர்ப் யூ’ன்னு ஒருத்தர் சொன்னா அதுல வெறுப்பே கிடையாது, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்கன்னு மரியாதையா கேக்கறாங்க.

உங்க பேப்பர் எங்க ஏரியாவுல நெறைய தமிழ் வீடுகளுக்கு வருது, மாணவர் பக்கத்த பிள்ளைங்க வெட்டி நோட்டுல ஒட்டி வைக்கறத நானே பாக்கறேன். அதனால கேக்கறேன் ஐயா, இங்கிலீஷ் வார்த்தைங்களுக்கு வெறும் அர்த்தம் போடாம, நம்ம வீட்டுல பேசற எந்த பேச்சுக்கு அது சமம், யார்கிட்ட சொல்லலாம் யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சேத்து வாரம் ஒண்ணா போடுங்க. முதல் வாரம் ‘ஐ டோன்ட் கேர்’, ‘ஐ டோன்ட் கேர் ஃபார் இட்’ ரெண்டையும் எடுத்துக்கங்க. முதல்ல சொன்னது எனக்கென்ன வந்துச்சுன்னு தூக்கியெறியற பேச்சு, ரெண்டாவது எனக்கு அது அவ்வளவா பிடிக்காதுன்னு பதமா சொல்றது. ஃபார் ஒண்ணு விட்டுப்போனதுக்கு இந்த வாரம்கூட என் டியூஷன் பொண்ணு ஒருத்தி ஸ்கூல்ல திட்டு வாங்கிட்டு அழுதுகிட்டே வந்தா.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.