பர்ரன் பூக்களுக்கு மாடு பகையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தின் பர்ரன் சுண்ணாம்புக்கல் புல்வெளி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால், பாதுகாக்கப்பட்ட இடத்திலும் மாடு மேய விடுகிறார்களே என்று கட்டுரையாளர் வருந்தியிருப்பது சரியல்ல. அங்கே இத்தனை பூ பூப்பதே மாடு மேய்வதால்தான்.

கிளேர் கவுண்டியின் இந்தக் கல்மேடுகளில் மண் மிக மெல்லியது, சத்தும் குறைவு. அதனால்தான் எந்தப் புல்லும் தனியாக ஓங்கிவிடாமல் சிறு செடிகள் பிழைக்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் நீல ஜெண்டியனும் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆர்க்கிட் ஒன்றும் இங்கே அருகருகே பூக்கும். ஜெண்டியனின் இலைகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். மேலே காய்ந்த புல் மெத்தைபோல் மூடிவிட்டால் வெயில் படாமல் செடி நலிந்துபோகும்.

அந்தப் புல்லைத் தின்று தீர்ப்பது மாடு. எப்போது விடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். மற்ற மலைநாடுகளில் கோடையில் மாட்டை மேலே ஓட்டுவார்கள். பர்ரனில் அக்டோபர் வாக்கில் ஏற்றி, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ இறக்கிவிடுவார்கள். கோடை வெயிலை வாங்கிய கல் மெதுவாகத்தான் ஆறும். மழைநீர் விரிசல்களில் இறங்கிவிடுவதால் மாடு படுக்க ஈரமில்லாத இடமும் கிடைக்கும். செடிகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் அவை.

சைலேஜை, அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனத்தை, மேட்டுக்கே கொண்டுவந்து போட்டால் எல்லாம் கெடும். மாடு அதைச் சுற்றியே நிற்கும். தரை மிதிபட்டுச் சேறாகும். சாணமும் சைலேஜ் கசிவும் விரிசல் வழியே நேரே நிலத்தடி நீருக்குப் போகும். தள்ளியிருக்கும் புல்லைத் தின்ன ஆளில்லாமல் ஹேசல் புதர் ஏறும். அதை வெட்டினால் மட்டும் போதாது, கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வெட்டிய கையோடு கட்டை முகத்தில் களைக்கொல்லி பூச வேண்டும், மாட்டையும் மறுபடி விட வேண்டும்.

2005 முதல் 2010 வரை நடந்த பர்ரன்லைஃப் திட்டம், சைலேஜுக்குப் பதில் அளவான அடர்தீவனம் கொடுத்து இதைச் சரிசெய்யலாம் என்று காட்டியது. அடுத்து வந்த திட்டத்தில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் 10-க்கு மதிப்பெண் கொடுத்தார்கள். மதிப்பெண் கூடினால் விவசாயிக்குப் பணமும் கூடியது. வேலி போட்டுப் பூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. கற்களை அடுக்கி வைத்த படமும் கட்டுரையில் இருந்தது. அப்படி அடுக்கக் கல்லைப் பெயர்த்தால், விரிசலில் வேர்விட்ட செடிகளும் அழியும். அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கால்வே, அயர்லாந்து