பெட்டிக்குள் மறைந்துபோகும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பம், முன்பதிவு, கட்டணம், தேர்வு முடிவு என அன்றாடக் காரியங்கள் பலவும் வலைப்பக்கங்களுக்கு மாறிவிட்ட நிலையில், அவற்றை வடிவமைப்போர் தொடர்ந்து கவனிக்கத் தவறும் ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பக்கத்துக்குள் ஒரு சிறு பெட்டியை வைத்து, அதை மட்டும் தனியே ஸ்க்ரோல் செய்து படிக்கும்படி விவரங்களை அடைத்துவிடுகிறார்கள்; கீழேயோ வலப்புறமோ இன்னும் விவரம் இருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் வைப்பதில்லை.

அகலமான ஓர் அட்டவணையைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பெயர், எண், தொகை ஆகிய மூன்று நெடுவரிசைகள் திரையில் அடங்கி, மூன்றாவதன் கோடும் திரையின் விளிம்பும் ஒன்றாகிவிட்டால், அட்டவணை அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். நான்காவது நெடுவரிசையில் உள்ள கடைசித் தேதி, விரலால் தள்ளிப் பார்க்கத் தோன்றியவருக்கு மட்டுமே கிடைக்கும். நிபந்தனைகள் அடங்கிய பெட்டியிலும் இதே நிலைதான்: ஒரு வாக்கியம் முற்றுப்புள்ளியோடு அடிவிளிம்பில் வந்து நின்றுவிட்டால், அடுத்த நிபந்தனை இருப்பதே தெரியாமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திவிடுகிறோம். இதைப் படிப்பவரின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமாகாது.

முன்பெல்லாம் கணினித் திரையில் ஸ்க்ரோல் பட்டை எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. கைப்பேசிகள் அதை விரல் அசையும்போது மட்டும் தோன்றி மறையச் செய்தன; 2011-இல் வெளிவந்த ஆப்பிளின் ‘லயன்’ இயங்குதளம் அவ்வழக்கத்தை மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் கொண்டுவந்தது. போதாக்குறைக்கு, அழகைக் கெடுக்கிறது என்று எஞ்சியிருக்கும் பட்டையையும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கட்டளையால் அடியோடு மறைத்துவிடும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அகன்ற திரையில் வேலை செய்யும் அவர்களுக்கு, பெட்டி நிரம்பி வழிவதே பல நேரம் தெரிவதில்லை.

இத்தனைக்கும் தீர்வு மிக எளிது. ரோமன் கோமரோவ் என்ற வலை வடிவமைப்பாளரின் யோசனையிலிருந்து, சிஎஸ்எஸ் வல்லுநர் லியா வெரூ 2012-இல் வகுத்துக் காட்டிய நிழல் உத்திக்கு, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி தேவையே இல்லை; சிஎஸ்எஸ்ஸே போதும். பெட்டியின் மேல், கீழ் விளிம்புகளில் மெல்லிய நிழல் ஒன்று பின்னணியாக அசையாமல் நிற்கும். அதன்மேல், பின்னணி நிறத்திலேயே அமைந்த ஒரு மறைப்பு உள்ளடக்கத்தோடு சேர்ந்து நகரும். உச்சியில் இருக்கும்போது மேல்நிழலை மறைப்பு மூடிக்கொள்கிறது; உள்ளடக்கம் நகர்ந்ததும் மறைப்பு விலகி, மேலே படித்து முடித்த வரிகள் உண்டு என்பதை நிழல் காட்டுகிறது. கடைசி வரியை எட்டியதும் கீழ்நிழல் தானாகவே மறைந்துவிடும். உள்ளே படங்களோ வண்ணம் தீட்டிய வரிசைகளோ இருந்தால் நிழல் அவற்றுக்குப் பின்னால் போய்விடும் என்பது இதன் குறை. அத்தகைய இடங்களில், கடைசி வரியோ நெடுவரிசையோ பாதி வெட்டுப்பட்டுத் தெரியும்படி அளவை அமைப்பதே எனக்குச் சிறந்த வழியாகப் படுகிறது. பாதி எழுத்தைக் கண்டவர் மீதியைத் தேடாமல் இருக்கமாட்டார். இத்தகைய குறிப்புகளைக் காட்டப் பயன்படும் வகையில், ஸ்க்ரோல் செய்வதற்கேற்ப இயங்கும் அசைவூட்டமும் 2023-இல் குரோம் பிரவுசரின் 115-ஆம் பதிப்பில் வந்துவிட்டது.

ஸ்க்ரோல் பட்டைக்குத் தாங்களே நிறம் கொடுப்போர், அது பின்னணியோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் வலை அணுகல்தன்மை வழிகாட்டுதலின் (WCAG) 2018-இல் வெளியான 2.1 பதிப்பு, பொத்தான் போன்ற எழுத்தல்லாத கூறுகளுக்கும் அவற்றின் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கோருகிறது. வெள்ளைமேல் இளஞ்சாம்பலில் இழுத்த கோடு அதற்கு ஈடாகாது.

மவுஸையோ தொடுதிரையையோ பயன்படுத்த இயலாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போருக்கு நிழல் தெரிந்தும் பயனில்லை. டேப் விசையால் அப்பெட்டிக்குள் நுழைந்து, அம்புக்குறி விசைகளால் நகர்த்த முடிய வேண்டும். சில பிரவுசர்கள் இதைத் தாமாகவே செய்கின்றன என்றாலும், அதை மட்டும் நம்பியிராமல், டேப் விசையால் பெட்டியை எட்டச் செய்யும் டேப்இன்டெக்ஸ் (tabindex) பண்பை அதற்குச் சேர்ப்பதும், விசைப்பலகையால் பெட்டி தேர்வாகி நிற்கும்போது தெளிவான விளிம்புக்கோடு தெரியச் செய்வதும் வடிவமைப்போரின் கடமை. பக்கத்தை வெளியிடும் முன் குறுகிய திரையில் ஒருமுறையும், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒருமுறையும் சோதித்துப் பார்க்குமாறு அவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலைப்பக்க வடிவமைப்பில் ஈடுபாடுள்ள வாசகர்