கிலோமீட்டர் கட்டத்தைப் பார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பேசியதில் பாதி எனக்கு, மீதி அந்த டீலருக்கு. அவர் வாங்க வேண்டிய வசவையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். அது போகட்டும். ஒர்க்ஷாப்பிலும் நீ இப்படித்தான் கத்தியிருக்கிறாய் என்று தெரிந்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது. இனி உன் லாரி உள்ளே நுழையும்போதெல்லாம் அங்கே உன்னைப் பற்றித்தான் பேசுவார்கள், கியர்பாக்ஸைப் பற்றி அல்ல. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். லாரி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. லோடோடு ஏற்றம் ஏறும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது. காலி வண்டியில் அப்படி வருவதில்லை. நான்கு முறை ஒர்க்ஷாப்பில் விட்டாய். முதல் இரண்டு முறை சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை "இந்த மாடலே அப்படித்தான்" என்றார்கள். நான்காம் முறை நீ வெளியில் பொருத்திய பனி விளக்கைக் காட்டி, வயரிங்கில் கை வைத்துவிட்டதால் வாரண்டி போய்விட்டது என்றார்கள். இதில் எதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். நீ பேச்சை மாற்றினாய்.

அப்பாவின் லாரிக்கும் வாரண்டி காலத்தில் இதே மாதிரி ஒரு தொல்லை வந்தது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உன் காதுக்கு வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறைந்துவிடும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மூன்று முறை ஒர்க்ஷாப்புக்குப் போனார். முதல் முறை எரர் கோடை, அதாவது வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறு எண்ணை, அழித்துவிட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, நீங்கள் ஊற்றிய டெஃப், அதாவது புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியா திரவம், தரமில்லை, இது வாரண்டியில் வராது என்றார்கள். மூன்றாம் முறை "சாலையில் ஓட்டிப் பார்த்தோம், குறை தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வாதாடத் தெரியாது. காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் அவர் ஓட்டிய காலம் முழுக்கக் கணக்கு எழுதியவள் நான். ஒவ்வொரு முறையும் ஒர்க்ஷாப்பில் குறையையும் வேலையையும் எழுதித் தருகிற ஜாப் கார்டு மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். மூன்றாவது கார்டில் வண்டி உள்ளே வந்தபோது இருந்த கிலோமீட்டர் ஒரு கட்டத்தில் இருந்தது, வெளியே போனபோது இருந்த கிலோமீட்டர் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒரே எண். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. சாலையில் ஓட்டிப் பார்த்த வண்டியின் மீட்டர் எப்படி அசையாமல் இருக்கும்?

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். ஒர்க்ஷாப் மேனேஜர் முன்னால் அந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் கார்டைப் பார்த்தார், வண்டியை வாங்கிக் குறை எழுதுகிற சர்வீஸ் அட்வைசரைப் பார்த்தார், பிறகு எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். முந்தைய மூன்று முறையும் நாற்காலி கிடைக்கவில்லை என்று திரும்பி வரும்போது அப்பா சொன்னார்.

அதோடு விடவில்லை. டெஃப் தரமில்லை என்றீர்களே, அளந்தீர்களா, அளந்த எண் எங்கே என்று கேட்டேன். அந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 22241 என்ற தர அளவு 31.8 முதல் 33.2 வரை ஏற்றுக்கொள்கிறது. ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் கருவி அவர்கள் மேசையிலேயே கிடந்தது. அளந்தார்கள், சரியாக இருந்தது. பிறகு எரர் கோடை அச்சடித்துத் தரச் சொன்னேன். எஸ்பிஎன் 5394, எஃப்எம்ஐ 5 என்று வந்தது. முதல் எண் எந்த உறுப்பு என்று சொல்கிறது, அது டெஃப் தெளிக்கிற வால்வு. இரண்டாவது எண் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்கிறது. 5 என்றால் மின்சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். திரவம் கெட்டுப்போனால் கம்பி ஏன் அறுந்துபோகப் போகிறது? கனரக வண்டிகளில் கோளாறு எண்களுக்குப் பெரும்பாலும் ஜே1939 என்ற இந்தப் பொது முறைதான், எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் எஃப்எம்ஐ எண்ணுக்குப் பொருள் ஒன்றுதான். 3, 4, 5 வந்தால் முதலில் வயரைப் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். ஓர் இளம் மெக்கானிக் கீழே படுத்து, டார்ச் அடித்து, வயர்க் கொத்தை ஒரு கையால் மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். சேஸிஸை ஒட்டிய ஒரு கிளிப் இருந்த இடத்தில் நின்றார். கொத்தின் மேலுறை அங்கே நகம் அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளே ஒரு கம்பியின் செம்பு தெரிந்தது. குலுங்கும்போது விட்டுவிடும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையிலேயே கிளிப்பைத் தவறாக மாட்டியிருக்கிறார்கள். அன்று மாலையே வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பையன் எங்களைவிட மகிழ்ச்சியாக இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற எல்லோரும் கெட்டவர்கள் இல்லை.

அவர்கள் பக்கத்துக் கணக்கையும் தெரிந்துகொள். வாரண்டி வேலைக்கு டீலர் தன் கையிலிருந்து செலவழிப்பதில்லை. செய்துவிட்டு லாரி நிறுவனத்திடம் கேட்டு வாங்குகிறார். இன்ன வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று நிறுவனம் முன்கூட்டியே வகுத்திருக்கும், அதற்குத்தான் கூலி. எப்போதாவது வந்துபோகிற கோளாறைத் தேடி ஒரு மெக்கானிக் இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் அந்த நேரம் முழுவதற்கும் காசு வராது. காகிதம் சரியில்லை என்றால் கொடுத்த பணத்தையே நிறுவனம் திரும்பப் பிடித்துக்கொள்ளும், கழற்றிய பழைய உறுப்பை அனுப்பு என்று கேட்கும். இத்தனை இருக்கும்போது "குறை தென்படவில்லை" என்று எழுதுவதுதான் அவர்களுக்குச் சுலபம். அதை அவர்களுக்குச் சுலபமில்லாமல் ஆக்குவது உன் வேலை. அதற்குக் குரல் தேவையில்லை. நிறுவனத்துக்கு அனுப்பக்கூடிய தெளிவான காகிதம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தால், பாதி டீலர்கள் உன் பக்கமே வந்துவிடுவார்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போது குறையை அட்வைசர் தன் வார்த்தையில் எழுத விடாதே. "கியர் பிரச்சினை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். நீ சொல்லச் சொல்ல எழுதச் சொல். எத்தனை டன் லோடு, என்ன கியர், என்ன வேகம், எத்தனை நிமிடம் ஓடிய பிறகு, டேஷ்போர்டில் என்ன விளக்கு, விழுந்த பிறகு திரும்பக் கியர் பிடிக்க எவ்வளவு நேரம். வண்டியில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு முறை விழும்போதும், நிறுத்திய பிறகு, தேதியும் கிலோமீட்டரும் குறித்துக்கொள். ஏற்றத்தில் லோடு வண்டி நியூட்ரலுக்கு விழுவது உயிர் விஷயம். அந்தச் சொல்லையே எழுதச் சொல். சரிசெய்யும்வரை, ஒர்க்ஷாப் ஆளோடு ஓட்டிக் காட்டுவதற்குத் தவிர, அதில் லோடு ஏற்றாதே. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினான், அதனால்தான் கெட்டது என்று அவர்கள் நாளைக்குச் சொல்ல நீயே வழி விட்டுக் கொடுக்காதே. உன்மேல் எனக்கு உள்ள பயத்தை இங்கே எழுதப் போவதில்லை.

லோடோடு மட்டும் வருகிற குறையைக் காலி வண்டியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? லோடு வைத்து, அவர்கள் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுடைய கணினியை மாட்டிக்கொண்டே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கேள். போவதற்கு முன் பேட்டரியைக் கழற்றாதே, எரரை அழிக்க யாரையும் விடாதே.

பனி விளக்குக்கு வருகிறேன். அதை நீ எங்கே, யாரிடம் பொருத்தினாய் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். கியர்பாக்ஸுக்குப் போகிற வயரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் தவறு உன்னுடையதுதான், ஒப்புக்கொள். அப்படி இல்லையென்றால், அந்த விளக்கு எந்த வழியில் கியரை விழவைக்கிறது என்று எழுதித் தரச் சொல். வாரண்டிப் புத்தகத்தின் எந்தப் பக்கம், எந்த விதி என்றும் கேள். அதற்கு மேலும் தயங்கினால், அவர்கள் கண் முன்னாலேயே விளக்கைக் கழற்றிவிட்டு, லோடோடு அதே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டு. அப்போதும் விழுந்தால் பேச்சு முடிந்தது. விழாவிட்டால் எனக்குப் போன் செய், நான் உன்னைத் திட்டுகிறேன்.

புத்தகத்தை நீ படித்திருக்க மாட்டாய், அப்பாவும் படித்ததில்லை. காலம் அல்லது கிலோமீட்டர், எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சிலுக்குப் பெரும்பாலும் மற்றவற்றைவிட நீண்ட காலம் கொடுப்பார்கள், உன் புத்தகத்தில் எவ்வளவு என்று பார். டயர், பேட்டரிக்கு அவற்றைச் செய்த நிறுவனங்கள் தனியாகப் பொறுப்பேற்பதுதான் வழக்கம். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் போன்ற தேய்மான உறுப்புகள் வராது என்று போட்டிருக்கும். அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்ஜின் சீல் கசிந்து, அந்த ஆயில் பட்டு கிளட்ச் பிளேட் போனால் அது தேய்மானம் இல்லை, சீலின் குறை. உறுப்பின் பெயரைச் சொல்லி மறுத்தால் காரணத்தைக் கேட்க வேண்டும். சர்வீஸ் தேதி தவறவிடாதே, ஆயில் ஃபில்டர் பில் ஒவ்வொன்றையும் வை. இதை உன் சின்ன வயதிலிருந்தே சொல்கிறேன், அப்போது பள்ளிக்கூட ரசீதுக்குச் சொன்னேன்.

ஒரு கண்டிப்பு. கியர்பாக்ஸைத் திறக்கிறோம், உங்கள் தவறு என்று தெரிந்தால் செலவு உங்களுடையது என்று ஒரு தாள் நீட்டுவார்கள். எவ்வளவு செலவு, எதைக் கண்டால் என் தவறு என்பீர்கள் என்பதை அதிலேயே எழுதவைத்த பிறகு கையெழுத்துப் போடு. "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே நான்கு முறையும் நீ கையெழுத்துப் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். குறை தீரவில்லை என்றால் அந்த வரியின் மேலேயே "குறை தொடர்கிறது" என்று எழுதிவிட்டுப் போடு. யாரும் தடுக்க முடியாது.

இதற்கும் அசையவில்லை என்றால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் புகார் எண் வாங்கு. அந்தப் பகுதிக்கு நிறுவனத்தின் சர்வீஸ் அதிகாரி ஒருவர் இருப்பார், அவர் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேள். வாரண்டி கொடுத்தது நிறுவனம், அந்த டீலர் அல்ல. அதே நிறுவனத்தின் வேறு டீலரிடமும் வண்டியை விடலாம். நீதிமன்றம், வழக்கு என்று நேற்று சொன்னாயே, அது இதற்கெல்லாம் பிறகு. அங்கேயும் முதலில் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.

அப்பா இதைப் படித்துவிட்டு, நாற்காலி விஷயத்தை ஏன் எழுதினாய் என்று சிரிக்கிறார். உன்னைச் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்கச் சொல்கிறார்.

நான்கு ஜாப் கார்டையும் போட்டோ எடுத்து அனுப்பு, பின்பக்கமும் சேர்த்து. நேற்று நீ அனுப்பிய மூன்றாவது கார்டின் படம் மங்கலாக இருக்கிறது. "ஓட்டிப் பார்த்தோம், சாதாரணமாக இருக்கிறது" என்று எழுதியிருப்பது தெரிகிறது, கிலோமீட்டர் கட்டம் இரண்டும் உன் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. விரலை எடுத்துவிட்டு இன்றிரவே இன்னொரு படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா